மரம் சாய்க்க ஆப்பு எதற்கு? செயின்சா பிடிக்கப் போகிறவர்களுக்கு ஓர் அடிப்படைப் பாடம்

ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சிறுவயதில் கேட்காதவர்கள் குறைவு. பாதி அறுத்த மரத்தின் பிளவில் தச்சர்கள் ஓர் ஆப்பைச் சொருகிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். குரங்கு வந்து அந்தப் பிளவின் மேல் உட்கார்ந்து ஆப்பைப் பிடித்து ஆட்டும். ஆப்பு கழன்றதும் மரத்தின் இரண்டு பாதியும் சட்டென்று சேர்ந்து வாலை நசுக்கிவிடும். தெரியாத வேலையில் கை வைக்காதே என்று அதற்கு நீதி சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அதன் முதல் வரிதான். தச்சர்கள் எதற்காக ஆப்பைச் சொருகிவிட்டுப் போனார்கள்? அறுத்த வெட்டு தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செயின்சா, அதாவது செயின் ஓடி மரம் அறுக்கும் மிஷின் ரம்பம், வாங்கி முதல் மரத்தின் முன்னால் நிற்கும் பலருக்கு இது தெரிவதில்லை. அவர்கள் காதில் விழுந்திருப்பது வேறு: "பின்னாடி ரெண்டு ஆப்பை அடிச்சு எறக்கு, நாம நெனச்ச பக்கம் விழுந்துரும்." இதில் பாதி உண்மை, பாதி தவறு. தவறான அந்தப் பாதியை நம்பி ஆப்பு அடித்தவர்கள் மேல் மரம் விழுந்திருக்கிறது. ஆப்பு மரத்துக்குத் திசை காட்டுவதில்லை. அது மரத்தின் பின்பக்கத்தைத் தூக்குகிறது. திசையைத் தருவது வேறொன்று. இந்த இரண்டு வேலையும் பிரிந்து விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் பிடிபடும்.

மரம் ஒரு கதவு

வீட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அது ஒரே வளைவில்தான் போகும். கதவு எந்தப் பக்கம் போகலாம் என்பதைத் தள்ளுகிறவரின் கை தீர்மானிப்பதில்லை, கீல் தீர்மானிக்கிறது. கீல் கழன்ற கதவைத் தள்ளிப் பாருங்கள், அது எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மரத்துக்குக் கீல் கிடையாது. அதை நாம்தான் அறுத்து உண்டாக்க வேண்டும், இரண்டு வெட்டுகளால்.

முதல் வெட்டு, மரம் விழ வேண்டிய பக்கத்தில். மேலிருந்து சாய்வாக ஒன்று, கீழே கிடையாக ஒன்று என இரண்டு முறை அறுத்து, தர்பூசணிக் கீற்றைப் போல ஒரு துண்டை எடுத்துவிட வேண்டும். அடிமரம் வாயைத் திறந்தது போலத் தெரியும். இதை வாய்வெட்டு என்று சொல்லலாம். மரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை ஆழம் போதும். வாய் குறைந்தது 45 பாகையாவது திறந்திருக்க வேண்டும். 70 பாகைக்கு மேல் திறந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மரம் சாயச் சாய இந்த வாய் மூடிக்கொண்டே வரும். மேல் உதடும் கீழ் உதடும் முட்டிக்கொள்ளும் நேரத்தில் கீல் ஒடிந்துவிடும். வாய் அகலமாக இருந்தால் மரம் தரையை நெருங்கும் வரை கீலின் பிடியில் இருக்கும்.

இரண்டாவது வெட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து. இது பின்வெட்டு. இதை வாய்வெட்டு வரை கொண்டுபோய் முட்டவிடக் கூடாது. நடுவில் ஒரு பட்டையளவு மரத்தை அறுக்காமல் விட வேண்டும். அந்தப் பட்டைதான் கீல். அதன் தடிமன் மரத்தின் விட்டத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு, நீளம் விட்டத்தில் சுமார் 80 சதவீதம். 45 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் கீல் ஏறக்குறைய 4.5 செ.மீ. தடிமன், 36 செ.மீ. நீளம்.

வாய்வெட்டின் இரண்டு அறுப்பும் ஒரே கோட்டில் சந்திக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஓர் அறுப்பு மற்றதைத் தாண்டி உள்ளே போயிருந்தால் அந்த ஒல்லியான இடைவெளி, மரம் சாயத் தொடங்கிய உடனேயே மூடிக்கொள்ளும். கீல் அப்போதே ஒடியும், அல்லது மரம் நெடுக்காகப் பிளக்கும். பார்வைக்கு ரம்பக்கோடு ஒன்று கூடுதலாக விழுந்தது போலத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்து புதியவர்கள் மிகச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் தவறு இதுதான். ஐந்து நிமிடம் செலவழித்து வாயைச் சரிசெய்துவிட்டு மேலே போங்கள்.

இதுவரை பார்த்தது: வாய்வெட்டு மரம் விழ இடம் கொடுக்கிறது, பின்வெட்டு அதை விடுவிக்கிறது, இரண்டுக்கும் நடுவில் மிச்சம் வைத்த கீல்தான் திசையைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆப்பு இன்னும் வேலைக்கு வரவில்லை.

நேராக நிற்கும் மரம் ஏன் பின்னால் உட்காருகிறது

நன்றாக நிமிர்ந்து நிற்கும் ஒரு மரம். எந்தப் பக்கமும் சாய்வில்லை, கிளைகளும் எல்லாப் பக்கமும் ஒரே அளவு. இதற்கு ஆப்பு வேண்டுமா? பலர் வேண்டாம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அதே 45 செ.மீ. விட்டம், உயரம் 20 மீட்டர் என்று வையுங்கள். முன்னால் 10 செ.மீ. வாய்வெட்டு, அதற்குப் பின் 5 செ.மீ. கீல், அதற்கும் பின் 30 செ.மீ. பின்வெட்டு. கீலின் நடுக்கோடு மரத்தின் முன்விளிம்பிலிருந்து 12.5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. மரத்தின் நடுவோ 22.5 செ.மீ. தூரத்தில். மரத்தின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக எண்ணிக்கொண்டால், அந்தப் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். நேராக நிற்கும் மரத்தில் அது அடிமரத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கும். அப்படியானால் அது கீலுக்கு 10 செ.மீ. பின்னால் இருக்கிறது.

கீலுக்குப் பின்னால் எடை இருந்தால் மரம் பின்னால்தான் சாயும். பின்வெட்டில் மரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த நார்களை நாமே அறுத்துவிட்டோம். செயின் அறுத்துச் செல்லும் பாதை ஒரு செ.மீ.க்கும் சற்றுக் குறைவான அகலம் கொண்டது. மரம் பின்னால் உட்கார்ந்து அந்த இடைவெளியை மூடும். உள்ளே இருக்கும் பாரை, அதாவது செயின் சுற்றிவரும் தட்டையான நீளப் பிளேட்டை, அப்படியே கடித்துப் பிடித்துக்கொள்ளும். கண் பார்க்கும்போதே இது நடக்கும். பின்வெட்டின் பிளவு முதலில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவு இருக்கும், பிறகு ஒரு தாள் நுழையும் அளவு, பிறகு வெறும் கோடு. மிஷினின் சத்தம் கனத்து, செயின் நின்றுவிடும். மேலே பார்த்தால் உச்சி அரை மீட்டர் பின்னால் வந்திருக்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் போகத் தயாராக ஒரு முழு மரம், அதன் அடியில் நீங்கள்.

சாய்வே இல்லாத மரத்தின் நிலை இது. கொஞ்சம் பின்சாய்வும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

ஆப்பு என்கிற ஜாக்கி

பஞ்சரான வண்டியைக் கையால் தூக்க முடியாது. ஜாக்கி வைத்தால் ஒரே ஆள் தூக்கிவிடலாம். கைப்பிடி நிறையச் சுற்றும், வண்டி கொஞ்சம்தான் எழும். தூரத்தைக் கொடுத்து பலத்தை வாங்குகிறோம். ஆப்பும் அதே பேரம்தான் பேசுகிறது. 25 செ.மீ. நீளமும் அடிப்பக்கம் 2.5 செ.மீ. கனமும் உள்ள ஓர் ஆப்பு முழுதாக உள்ளே போனால், 25 செ.மீ. பயணத்துக்கு 2.5 செ.மீ. தூக்கும். ஏட்டுக் கணக்கில் பத்து மடங்கு பலம். நடைமுறையில் அதில் பெரும்பகுதியை உராய்வு தின்றுவிடும். ஆனால் அதே உராய்வுதான் இரண்டு அடிகளுக்கு நடுவில் ஆப்பு வெளியே வழுக்கி வராமல் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் அந்த நட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இனி மேலே நடப்பதைப் பாருங்கள். கீலுக்கும் பின்விளிம்புக்கும் நடுவில் 30 செ.மீ. மரத்தின் உயரம் 20 மீட்டர், அதாவது அந்த 30 செ.மீ.யைப் போல சுமார் 66 மடங்கு. பின்விளிம்பை 2.5 செ.மீ. தூக்கினால் உச்சி ஏறக்குறைய 1.6 மீட்டர் முன்னால் நகரும். நாம் நேர் மரத்தில் பார்த்த அந்த 10 செ.மீ. பற்றாக்குறை? ஈர்ப்பு மையம் 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், பின்விளிம்பை 4 மில்லிமீட்டர் தூக்கினாலே அது கீலுக்கு நேர் மேலே வந்துவிடும். வெறும் 4 மில்லிமீட்டர்! ஆப்பின் முனை கொஞ்சம் இறங்கினாலே கிடைக்கும் அளவு. நேரான மரத்துக்கு ஆப்பு வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

ஆப்பு மரத்தை முன்னால் தள்ளவில்லை என்பது இப்போது தெரிகிறது. அது பின்பக்கத்தை மேலே தூக்குகிறது, கீல் அந்தத் தூக்கலை முன்சாய்வாக மாற்றுகிறது, ஈர்ப்பு மையம் கீலைத் தாண்டியதும் மரத்தின் சொந்த எடை மீதியைப் பார்த்துக்கொள்கிறது. கீல் இல்லையென்றால் ஆப்பு தூக்கும், ஆனால் மரம் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. மரம் சாயத் தயங்குகிறதே என்று கீலை இன்னும் கொஞ்சம் அறுத்துவிட்டு ஆப்பை அடிப்பவர்கள், கதவைத் தள்ளுவதற்காகக் கீலைக் கழற்றுகிறார்கள்.

சுருங்கச் சொன்னால் ஆப்புக்கு மூன்று வேலை. வெட்டு மூடாமல் பிடிப்பது, மரம் பின்னால் உட்காராமல் காப்பது, பின்பக்கத்தைத் தூக்கி எடையைக் கீலுக்கு முன்னால் அனுப்புவது. திசை கீலின் பொறுப்பு.

எந்த ஆப்பு, எப்போது, எங்கே

இரும்பு ஆப்பு விறகு பிளப்பதற்கு. ஓடும் செயின் அருகே அதற்கு இடமில்லை. செயின் இரும்பில் பட்டால் பற்கள் போகும், உடைந்த துண்டு தெறித்து வரும். மரம் சாய்க்க விற்கும் ஆப்புகள் பெரும்பாலும் பளிச்சென்ற நிறத்தில் கெட்டிப் பிளாஸ்டிக்கில் இருக்கும். செயின் பட்டால் ஆப்பில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். கெட்டியான மரத்தில் செதுக்கிய ஆப்பும் ஆகும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போகாதீர்கள். ஒன்று பிளந்துவிடலாம், ஒன்று போதாமல் போகலாம். மூன்றாவது கையில் இருக்கட்டும்.

எப்போது வைப்பது என்பதற்கு விடை: இடம் கிடைத்த உடனே. பார் உள்ளே போய், அதற்குப் பின்னால் ஆப்பின் முனை நுழைய இடம் வந்ததும் செயினை ஓடாமல் நிறுத்தும் செயின் பிரேக்கைப் போட்டுவிட்டு ஆப்பைச் சொருகி, கையளவு பலத்தில் ஒரு தட்டு. பிறகு அறுப்பதைத் தொடருங்கள். பின்வெட்டு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்த நேரத்தில் வைக்க வெட்டு திறந்திருக்காது. முழு எடை உட்கார்ந்துவிட்ட வெட்டில் ஆப்பின் முனைகூட நுழையாது.

ஒல்லி மரத்தில் ஒரு சிக்கல் உண்டு. வாய்வெட்டும் கீலும் போக மிச்சமுள்ள இடத்தைப் பாரே நிரப்பிவிடும், ஆப்புக்கு இடமிருக்காது. அதற்கு ஒரு வழி: பின்வெட்டை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்வது. ஒரு பக்கத்துப் பாதியை மட்டும் கீல் வரை அறுத்து, ரம்பத்தை வெளியே எடுத்து, அந்தப் பாதியில் ஆப்பை இறுக்கமாக வைத்துவிட வேண்டும். பிறகு மறுபக்கம் போய், ஆப்பில் படாமல் மற்றப் பாதியை அறுக்க வேண்டும். பின்னால் உட்கார மரத்துக்கு வாய்ப்பே கிடைக்காது.

பெரிய மரத்துக்கு இரண்டு ஆப்பு, பக்கத்தில் பக்கத்தில். தூக்கல் போதவில்லை என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறவர்கள், இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைக்க வேண்டாம். வழுவழுப்பான இரண்டு முகங்கள் சேர்ந்தால் மேல் ஆப்பு அடி விழுந்ததும் வெளியே சீறி வரும். ஒன்றுக்கொன்று சற்றுக் குறுக்காக வைத்து, நடுவில் ஒரு சிட்டிகை மரத்தூளைப் போட்டால் பிடிமானம் கிடைக்கும்.

அடிக்கும் நேரம்

பின்வெட்டு கீல் வரை வந்துவிட்டது. ரம்பத்தை எடுத்து, நிறுத்தி, தள்ளி வையுங்கள். இனிமேல் சம்மட்டிக்கு வேலை. கோடாலியின் பின்புறத்தாலும் அடிக்கலாம்.

இங்கே அவசரம் கூடவே கூடாது. இரண்டு ஆப்பையும் மாற்றி மாற்றி அடியுங்கள். முதலில் அடியின் ஓசை மந்தமாக இருக்கும், ஆப்பு இறுக இறுக ஓசையும் இறுகும். ஒவ்வோர் இரண்டு மூன்று அடிக்கும் நிறுத்தி இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, பின்வெட்டின் பிளவு. அது மயிரிழை அகலமானாலும் மரம் எழுகிறது என்று பொருள். இரண்டு, உச்சி. ஆப்பின் மேல் விழும் ஒவ்வோர் அடியும் மரம் முழுக்க அதிர்ச்சியாக ஓடும். மேலே பட்டுப்போன கிளையொன்று வேறொரு கிளையில் தொத்திக்கொண்டு நின்றால், அதைக் கீழே இறக்க அந்த அதிர்ச்சி போதும். ஆப்பு அடிப்பவரின் கண் ஆப்பிலேயே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. அதனால்தான் வேலையைத் தொடங்கும் முன்பே மரத்தைச் சுற்றி நடந்து, பட்ட கிளை இருக்கிறதா, பக்கத்து மரத்துடன் கொடி பின்னியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆப்பு இறங்குகிறது, ஆனால் பிளவு அகலவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். உள்ளே மரம் உளுத்திருக்கலாம். வைரம் பாய்ந்த மரத்தில் ஆப்பு தூக்கும். உளுத்த மரத்தில் அது வெண்ணெயில் கத்தி போல அழுந்தும், எதையும் தூக்காது. அப்படிப்பட்ட மரத்தில் கீலும் நம்பத்தக்கதாக இருக்காது. முதல் அறுப்பில் வெளியே வரும் மரத்தூள் கறுத்து, ஈரமாக, மாவு போல இருந்தால் அப்போதே சந்தேகப்பட வேண்டும்.

ஆப்பால் ஆகாதவை

சாய்வை அளக்க ஒரு எளிய வழி, கொத்தனாரின் தூக்குக்குண்டு. நூலைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் தூரத்திலிருந்து மரத்தைப் பாருங்கள். பிறகு கால்வட்டம் சுற்றி வந்து இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரே இடத்தில் நின்று பார்த்தால் நம்மை நோக்கியோ எதிர்ப்பக்கமோ உள்ள சாய்வு தெரியாது. கிளைகள் ஒரு பக்கம் அடர்ந்திருந்தால் அதையும் சாய்வாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

உச்சி சில அடி பின்னால் சாய்ந்திருந்தால் ஆப்பு சமாளிக்கும். அதற்கு மேல் என்றால் மரத்தின் மேற்பகுதியில் கயிறு கட்டி, வின்ச் என்ற கயிறு சுற்றி இழுக்கும் கருவியைப் போட்டு இழுக்க வேண்டும், அது பழகியவர்கள் வேலை. பக்கவாட்டுச் சாய்வுக்கு ஆப்பு பெரிய உதவி செய்யாது. அது பின்பக்கத்தைத்தான் தூக்கும், பக்கத்துக்கு இழுக்கும் எடையைக் கீலின் நார்கள் மட்டுமே தாங்க வேண்டும்.

எதிர்பார்க்காத ஆபத்து முன்பக்கம் கனமாகச் சாய்ந்த மரத்தில் இருக்கிறது. விழ வேண்டிய பக்கமே சாய்ந்திருக்கிறது, வேலை சுலபம் என்று தோன்றும். பின்வெட்டு பாதி போவதற்குள் மரம் கிளம்பிவிடும். அறுபடாத நார்கள் இழுவை தாங்காமல் தண்டு நெடுக்காகப் பிளந்து, பின்பாதி ஆள் உயரத்துக்கு மேலே எழும்பி அறுத்துக்கொண்டிருப்பவர் பக்கம் உதைக்கும். ஓடுவதற்கு நேரமே கிடைக்காது. இந்த மாதிரி மரத்தைப் பாரின் நுனியால் நடுவில் துளைத்து, பின்பக்கம் ஒரு பிடியை மிச்சம் வைத்து அறுக்கும் முறை ஒன்று உண்டு. பாரின் நுனியை முதலில் நுழைப்பது கற்றுக்கொடுக்க ஆள் பக்கத்தில் இல்லாமல் செய்யும் காரியமில்லை.

காரணம், நுனியின் மேல் கால்பகுதி. ஓடும் செயின் அந்த இடத்தில் மரத்தில் பட்டால் பார் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எழும்பும். இதற்குப் பின்னுதைப்பு என்று பெயர். இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி மடங்கியிருக்க வேண்டும், செயின் பிரேக் வேலை செய்ய வேண்டும். ஹெல்மெட், முகத்திரை, காதடைப்பான், செயினைச் சிக்கவைத்து நிறுத்தும் இழைகள் உள்ள கால்சட்டை, பூட்ஸ் ஆகியவை இல்லாமல் மிஷினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

மரம் அசைந்ததும்

முதல் அறுப்புக்கு முன்பே போகும் வழியைத் துப்புரவாக்கி வைத்திருக்க வேண்டும். மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக் கூடாது, அடிமரம் துள்ளிப் பின்னால் வரலாம். பின்பக்கம் இடமோ வலமோ 45 பாகை சாய்வாக விலகும் வழிதான் பாதுகாப்பானது. மற்ற யாரும் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் நிற்கக் கூடாது.

பிளவு திடீரென்று அகலத் தொடங்கினால், இன்னும் ஓர் அடி அடித்துவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். சம்மட்டியை அப்படியே விட்டுவிட்டு, கண் உச்சியில் இருக்க, குறைந்தது ஐந்தாறு மீட்டர் விலகிப் போங்கள். ஆப்பு அங்கேயே கிடக்கட்டும். மரம் தரையைத் தொட்ட பிறகும் உடனே திரும்பாமல் சற்று நில்லுங்கள். பக்கத்து மரங்களில் முறிந்து தொங்கும் கிளைகள் ஒவ்வொன்றாக விழுந்து முடியட்டும்.

பிறகு வந்து அடிக்கட்டையைப் பாருங்கள். நடுவில் நார் நாராகப் பிய்ந்து நிற்கும் பட்டைதான் கீல். இரண்டு முனையிலும் ஒரே தடிமனாக இருந்தால் பின்வெட்டு நேராகப் போயிருக்கிறது. ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருந்தால், மரம் கனத்த பக்கம் எவ்வளவு இழுபட்டு விழுந்திருக்கிறது என்று படுத்திருக்கும் தண்டைப் பார்த்தாலே தெரியும். அடுத்த மரத்தில் பின்வெட்டுக்கு நடுவே எந்தப் பக்கம் போய் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் கட்டையிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.